சுக நாளில் வேகம் கூடாது

மட்டாஞ்சேரி,
ஓணம் கழிந்த மறுநாள், 1981.

மதிப்புக்குரிய மச்சான் நல்லசிவம் அவர்களுக்கு, கொச்சியிலிருந்து ராமர் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் தங்கை பாக்கியலக்ஷ்மி சுகம். இடது முழங்கால் நீங்கலாக நானும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் முழங்கால் உட்பட சுகமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

'நாற்பது வயதில் சைக்கிள் பந்தயம் என்ன வேண்டிக் கிடக்கிறது? இந்தக் கூத்தை நிறுத்தாவிட்டால் ஓணம் முடிந்ததும் வந்து என் தங்கையை ஊருக்கு அழைத்துப் போய்விடுவேன்' என்று தாங்கள் கோபமாக எழுதிய கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், அந்தப் பந்தயத்துக்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தேன். நேற்று அது முடிந்துவிட்டது மச்சான்! என்ன நடந்தது என்று சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். ஆகையால் கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் படிக்கவும்.

இங்கே சைக்கிள் கடை வைத்திருக்கும் முனீர்தான் எனக்கு வாத்தியார். ஒரு காலத்தில் அவரே பந்தயம் ஓடியவர். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த புதிதில் நான் தினமும் விடியற்காலை உயிரைக் கொடுத்து மிதித்தேன். விளைவு, மிளகுக் கிடங்கில் எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே மூட்டைமேல் சாய்ந்து தூங்கிப் போனேன். முதலாளி என்னையும் சேர்த்து எடை போடச் சொன்னார். முனீரிடம் போய் அழுதேன்.

"ராமர் சேட்டா, இது பயிற்சி அல்ல, பிராந்து," என்றார் அவர். பிராந்து என்றால் இங்கே பைத்தியம். "தசைக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை வேணும். ஒரு நாள் கஷ்ட நாள், நல்லா மிதிக்கணும். அடுத்த நாள் சுக நாள், சாயா குடிக்கப் போற மாதிரி போணும். வாயத் தொறந்து வர்த்தானம் பேச முடியலேன்னா அது சுக நாளே இல்ல, மனசிலாச்சா?"

மனசிலானது. கஷ்ட நாள் எனக்குச் சுலபமாக வந்தது. சுக நாள்தான் வரவே இல்லை. மெதுவாகப் போகும்போது யாராவது முந்திக்கொண்டு போனால் என் கால் என் பேச்சைக் கேட்பதில்லை. மீன் கூடை கட்டிய ஒருவர் ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு என்னைத் தாண்டினார். அவரைத் துரத்தித் தோப்பும்படிப் பாலம் ஏறி, அதற்கு அப்பால் இருக்கும் தீவு வரைக்கும் போய்விட்டேன். அவர் பயந்துபோய் நிறுத்தி, கேட்காமலேயே இரண்டு அயிலை மீனை எடுத்து நீட்டினார். மறுநாள் கஷ்ட நாள். கால் இரண்டும் உலக்கை மாதிரி கிடந்தன, பத்து வயதுப் பையன்களெல்லாம் என்னை முந்தினார்கள்.

அடுத்த சுக நாளில் வெள்ளை அங்கி பறக்க ஒரு பாதிரியார், அதுவும் பெண்கள் ஓட்டுகிற சைக்கிளில், என்னைத் தாண்டிப் போனார். பொறுப்பேனா? விரட்டிக்கொண்டே போய் மாதா கோயில் முற்றத்துக்குள் பாய்ந்து அவர் காலடியில் விழுந்தேன். மூச்சு வாங்கியதில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. யாரோ சாகக் கிடக்கிறார்கள், தன்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். "ஆருக்கா மோனே? எவிடெயா வீடு?" என்றார். நான் மூச்சுக்காகக் கையை ஆட்டினேன். அவர் அதைத் திசை என்று எடுத்துக்கொண்டு, சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயும் ஜெபப் புத்தகமுமாகப் புறப்பட்டுவிட்டார். வழியில் போவோர் வருவோரிடமெல்லாம் என் வீடு எது என்று விசாரித்து, என்னைத் தள்ளாத குறையாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கதவைத் திறந்த பாக்கியலக்ஷ்மி பாதிரியாரைப் பார்த்தாள், நாக்குத் தள்ளி நிற்கும் என்னைப் பார்த்தாள், தெருவே கூடுகிற மாதிரி ஒரு கத்துக் கத்தினாள்.

எல்லாம் தெளிந்து, அவர் சாயா குடித்துச் சிரித்துக்கொண்டே போன பிறகு, அவள் இடுப்பில் கையை வைத்தாள். "இனிமே உங்க சுக நாள்ல நான் பின்னால உக்காருதேன். எவனை விரட்டுதீங்கன்னு பாப்போம்."

பந்தயத்துக்காகக் கழற்றி வைத்திருந்த கேரியரை முனீரே வந்து திரும்ப முடுக்கிக் கொடுத்தார். அன்று முதல் சுக நாள் வந்தால் அவள் பின்னால் உட்கார, மார்க்கெட்டுக்கும் கடற்கரைக்கும் எர்ணாகுளத்துக்கும் போனோம். யாராவது முந்தினால் என் தோள் விறைக்கும். உடனே விலாவில் ஒரு கிள்ளு. "போறவன் போகட்டும். நீங்க கதையச் சொல்லுங்க." மச்சான், கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதே இல்லை. உங்கள் தங்கைக்கு இவ்வளவு சிரிக்கத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியாது. கஷ்ட நாளிலோ கால் குதிரையாய்ப் பறந்தது. முனீர் வாயைப் பிளந்தார்.

நேற்றுப் பந்தயம். மட்டாஞ்சேரியில் கிளம்பி, தீவு வழியாக எர்ணாகுளம், கலூர் போய்த் திரும்ப வேண்டும். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் மஜீத் எடுத்த எடுப்பில் அம்பாய்ப் பாய்ந்தான். என் வயதில் பாதிகூட ஆகாதவர்கள் அத்தனை பேரும் அவன் பின்னால் பாய்ந்தார்கள். என் காலும் துடித்தது. ஆனால் விலாவில் யாரோ கிள்ளிய மாதிரி இருந்தது, அடக்கிக்கொண்டேன். கலூரில் திரும்பும்போது எனக்குப் பின்னால் ஒரே ஒரு ஆள், அவருக்கும் டயர் பஞ்சர். ஆனால் திரும்பும் வழியில் பார்க்க வேண்டுமே! ஒருவன் பாலத்துக் கைப்பிடியில் தொங்குகிறான், ஒருவன் சர்பத் கடையில் படுத்திருக்கிறான். ஒவ்வொருவனாகத் தாண்டி வந்தேன்.

தோப்பும்படிப் பாலத்தின் ஏற்றம் தொடங்கும் இடத்தில் பாக்கியலக்ஷ்மி நின்றாள். இத்தனை நாளும் மெள்ள, மெள்ள என்று சொன்னவள், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு என்கூடவே ஓடி வந்தாள். "மிதிங்க! என்னத்தப் பராக்குப் பாக்குதீங்க, மிதிங்க!" மிதித்தேன் மச்சான். அந்த ஏற்றத்தில் கடைசியாக இரண்டு பேரைத் தாண்டினேன். மூன்றாம் இடம்! மஜீத்தான் முதல், ஆனால் ஓடி வந்து என்னைத் தூக்கியவனும் அவன்தான். பரிசாக ஒரு குடை கொடுத்தார்கள். அப்போது மழை இல்லை, இருந்தும் விரித்துப் பிடித்துக்கொண்டு இருவரும் வீடு வந்தோம்.

இத்துடன் என் ஆசை தீர்ந்தது. தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இன்று காலையே சைக்கிளை முனீரிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி நடைதான். ஆகையால் தாங்கள் சிரமப்பட்டு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி, தங்கள் கோபத்துக்கு மட்டும் விடை கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
ராமர்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் பாக்கியலக்ஷ்மி முனீர் கடையிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். கிறிஸ்துமஸுக்கு எர்ணாகுளத்தில் பெண்களுக்கான பந்தயமாம், பெயர் கொடுத்துவிட்டாளாம். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. நாளைதான் அவளுக்கு முதல் கஷ்ட நாள். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓட எனக்கு முழங்கால் இடம் கொடுக்காது. ஆகையால் தாங்கள் கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வரவும்.