யாளி செத்ததால் பஸ் லேட்

அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு ரெண்டே வேலைதான். அம்மாவுக்குக் கருவாடு வாங்கணும். ஒரு யாளியைக் கொல்லணும்.

கருவாடு வாங்கறதுல ஒரு பிரச்சினையும் வரலை.

யாளின்னா, கோயில் தூண்ல சிங்க உடம்பும் தும்பிக்கையுமா நிக்குமே, அதேதான். அப்போ நான் ஒரகடத்துல ஒரு கார் ஒயரிங் கம்பெனியில ட்ரெய்னி. வாரம் முழுக்க கலர் கலரா ஒயர் சொருகுவேன். ஞாயித்துக்கிழமை ஆனா படப்பை ப்ரௌசிங் சென்டர்ல உக்காந்து ப்ளாக்ல ஒரு மாயாஜாலத் தொடர்கதை எழுதுவேன். மின்னொளின்னு ஒரு ராணி, அவ ஏறிப் போக ஒரு யாளி. ரெண்டு பேரும் நாடு நாடாப் போவாங்க, ஜெயிப்பாங்க, வருவாங்க. நமக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்.

வாசகர்கள்னு பார்த்தா எங்க கம்பெனி பஸ்தான். அந்தக் காலத்துல பாதிப் பேர் போன்ல தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாத்தான் தெரியும். எங்க பஸ்ல எழுத்தா தெரியற ஒரே போன் மாரிச்செல்வியோடது. கோவில்பட்டிப் பக்கத்துப் பொண்ணு, என் லைன்லதான் வேலை. திங்கக்கிழமை காலையில பஸ்ல அவ சத்தமாப் படிப்பா, எல்லாரும் கேப்பாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி ரொம்ப அடக்கமா உக்காந்திருப்பேன்.

எல்லாரையும் விடப் பெரிய ரசிகர் டிரைவர் ஏழுமலை அண்ணன். கதை ஆரம்பிச்சா எஃப்.எம்.மை ஆஃப் பண்ணிடுவார். அந்த மரியாதையிலதான் ஸ்டாப்பே இல்லாத எங்க சர்ச் முனையில எனக்காக பஸ்ஸை நிறுத்துவார். இல்லன்னா நான் படப்பை வரைக்கும் நடக்கணும்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. 'விமர்சகன்'னு ஒருத்தர் கமெண்ட் போடற வரைக்கும்.

"உங்கள் கதையில் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. இழப்பு இல்லாத கதை இலக்கியம் ஆகாது."

என் ப்ளாக்குக்கு வந்த முதல் ரெண்டு வரி கமெண்ட்! அதுவரைக்கும் வந்ததெல்லாம் "சூப்பர்", "செம", அப்புறம் யாரோ ஒருத்தர் "வீட்டு மனை விற்பனைக்கு". எனக்குத் தலைகால் புரியலை. இலக்கியமே நம்மளத் தேடி வந்து கதவத் தட்டுது, திறக்க வேணாமா?

சரி, யாரைக் கொல்றது? ராணியைக் கொன்னா கதை முடிஞ்சிடும். மந்திரியைக் கொன்னா யாரும் அழ மாட்டாங்க. யாளிதான் வாயில்லா ஜீவன், எதிர்த்துப் பேசாது. ஒரு விஷ அம்பு விட்டேன். யாளி கதை முடிஞ்சுது. கருவாட்டுப் பையோட வீட்டுக்கு வந்துட்டேன்.

திங்கக்கிழமை. மாரிச்செல்வி படிக்கறா. அம்பு பாயுது. யாளி சாயுது. அப்போ அவ குரலை இறக்கிப் படிக்கறா: "யாளி கண்ணத் தொறந்து ராணியப் பாத்துச்சு. 'எம் மகராசி, இனி நீ நடந்துல்லா போவணும்'னு சொல்லிட்டு உசுர விட்டுச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அப்படி ஒரு வரியை நான் எழுதவே இல்லை! என் யாளி பேசவே பேசாது!

"ஏய், அது எங்க இருக்கு?"ன்னு அவ காதுல கேட்டேன்.

"ஏட்டி, நீ எழுதுனத அப்படியே படிச்சா கணக்குப் பாடம் மாதிரில்லா இருக்கு. சும்மா இரு."

நிமிர்ந்து பார்த்தா, கண்ணாடியில ஏழுமலை அண்ணன் கண்ணு செவசெவன்னு இருக்கு. ஸ்டியரிங்ல ஒரு கை, துண்டுல ஒரு கை. இறங்கறப்போ என்னை முறைச்சார்.

செவ்வாய்க்கிழமை சர்ச் முனையில நிக்கறேன். பஸ் வருது. கையைத் தூக்கறேன். பஸ் நிக்கலை. ஜன்னல் வழியா ஏழுமலை அண்ணன் குரல் மட்டும் வந்துச்சு.

"மகராசி நட்ந்து வரட்டும்!"

நடந்தேன். ஷேர் ஆட்டோ புடிச்சேன். கம்பெனி கேட்டுக்குப் போறப்போ ஷிஃப்ட் ஆரம்பிச்சு ரொம்ப நேரம் ஆயிருந்துச்சு.

சூப்பர்வைசர் பாஸ்கர் சார் கூப்பிட்டார். "ஸ்டெல்லா, இந்த மாசம் உன் கன்ஃபர்மேஷன் போகுது. ட்ரெய்னியில இருந்து பர்மனென்ட். இன்னொரு தடவை லேட்டா வந்தா என்னால உன் பேரை அனுப்ப முடியாது. புரியுதா?"

புரிஞ்சுது. எங்க வீட்டுல அந்த பர்மனென்ட்டை நம்பித்தான் சாயங்கால ஜெபமே நடந்துக்கிட்டிருந்துச்சு.

அன்னிக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா ப்ரௌசிங் சென்டர். இலக்கியமாவது ஒண்ணாவது! கடைசியில ஒரே ஒரு வரி சேர்த்தேன்: 'திடீரென்று யாளி கண் விழித்தது.' பப்ளிஷ். அண்ணன் மனசு குளிர்ந்திடும், பஸ் நிக்கும், பர்மனென்ட் வரும். இவ்ளோ ஈஸியான திருத்தத்தை உலகத்துல எந்த எழுத்தாளரும் பண்ணியிருக்க மாட்டாங்க.

புதன்கிழமை எதுக்கும் இருக்கட்டும்னு முன்னாடியே கிளம்பி படப்பை வரைக்கும் நடந்துபோய் பஸ் ஏறிட்டேன். மாரிச்செல்வி புது வரியைப் படிச்சா.

ஒரகடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி பஸ் ஓரங்கட்டி நின்னுது. ஏழுமலை அண்ணன் இன்ஜினை ஆஃப் பண்ணி, சாவியை உருவி, பாக்கெட்ல போட்டுக்கிட்டு திரும்பினார்.

"இன்னாமா இது? செத்தது எப்டிமா எய்ந்துகினு வரும்?"

"அண்ணா, உங்களுக்காகத்தான் அண்ணா..."

"எனுக்காவா? அப்போ திங்கக்கெயம நான் அய்தது வேஸ்டா? வல்லக்கோட்டை முருகன் மேல சத்தியமா சொல்றேன், எங்கப்பா செத்தப்போ கூட அப்டி அய்வல!"

பஸ் ரெண்டாப் பிரிஞ்சுது. முன் சீட்டெல்லாம் 'செத்தது செத்ததுதான்' கட்சி. பின் சீட்டெல்லாம் 'பாவம், பொழைச்சுப் போகட்டும்' கட்சி. "நான் அன்னிக்கு டிபன் கூட சாப்பிடலை, அதுக்கு யார் பதில் சொல்றது?"ன்னு ஒரு அக்கா எழுந்து நின்னாங்க. பின்னாடி கன்டெய்னர் லாரிக்காரங்க ஹாரன் அடிச்சே செவிடாக்கறாங்க. நான் அழாத குறையா கெஞ்சறேன்.

"அண்ணா, என் பர்மனென்ட் போயிடும் அண்ணா. வண்டியை எடுங்க."

"மொதல்ல யாளிக்கு ஒரு முடிவு சொல்லு. வண்டி அப்பால போவும்."

சாவி அவர் பாக்கெட்ல. முடிவு என்கிட்ட இல்லை. கடைசியில மாரிச்செல்விதான் வாயைத் தொறந்தா. "செத்தது செத்ததாவே இருக்கட்டும். ஆனா யாராச்சும் மனசாரக் கண்ணீரு விட்டா பொழைச்சு வராதா?"

அண்ணன் யோசிச்சார். "வரும். ஆனா ராணி கண்ணீர் வேணாம். அந்தம்மா தெனமும்தான் அய்வுது. ராணிக்கு ஒரு தேரோட்டி வெச்சிக்கலாம்மா. அவன் கண்ணீர் படுது, யாளி எய்ந்துக்குது."

"தேரோட்டி பேரு?"ன்னு கேட்டேன். அண்ணன் வெக்கப்பட்டு ரோட்டைப் பார்த்தார். "நம்மளுக்கு இன்னாத்துக்குமா பேரெல்லாம்... ஏயுமலைன்னு போட்டுக்கோ."

சாவி வெளியே வந்துச்சு. பஸ் கிளம்புச்சு. ஆனா கம்பெனிக்குள்ள போறப்போ எங்க லைன் காலியா, கன்வேயர் நின்னு, பாஸ்கர் சார் மட்டும் ஒயிட் போர்டு பக்கத்துல மார்க்கரோட நின்னுக்கிட்டிருந்தார்.

எங்க கம்பெனியில ஒரு பழக்கம். லைன் நின்னா 'ஏன்? ஏன்?'னு கேட்டுக்கிட்டே போய் ஆணிவேரைப் புடிச்சு போர்டுல எழுதியே ஆகணும். அவரும் கேக்க ஆரம்பிச்சார்.

"ஏன் லேட்?"

"பஸ் நின்னுடுச்சு சார்."

"ஏன் நின்னுச்சு?"

"யாளி உயிரோட வந்துடுச்சு சார்."

மார்க்கர் அப்படியே நின்னுது. ஆனாலும் மனுஷன் முறை தவற மாட்டார். எழுதினார்.

"ஏன் உயிரோட வந்துச்சு?"

"நான்தான் சார் திருத்தினேன். அது செத்ததால நேத்து பஸ் எனக்கு நிக்கலை."

"ஏன் செத்துச்சு?"

"இழப்பு இல்லன்னா இலக்கியம் இல்லன்னு ஒருத்தர் சொன்னாரு சார்."

"யார் அவரு?"

"விமர்சகன் சார்."

"எந்த டிபார்ட்மென்ட்?"

தெரியலைன்னு சொன்னேன். சார் மார்க்கரை மூடி வெச்சுட்டு போர்டை மேலிருந்து கீழ ஒரு தடவை படிச்சார். என் பர்மனென்ட் கண்ணு முன்னாடி சிறகடிச்சுப் பறந்து போகுது. மாதாவை வேண்டிக்கிட்டேன், வல்லக்கோட்டை முருகனையும் வேண்டிக்கிட்டேன்.

"நம்ம சிஸ்டத்துல ஆளைக் குத்தம் சொல்லக் கூடாது. ப்ராசஸ்லதான் தப்பு"ன்னார் சார். "இன்ஸ்பெக்ஷன் இல்லாம பீஸ் வெளியே போயிருக்கு. அதான் ஆணிவேர். இந்த லேட் உன் கணக்குல வராது. நேத்து லேட்டுக்கும் இதே காரணம்தான், அதுவும் வராது."

எனக்கு அவர் கால்ல விழணும் போல இருந்துச்சு.

"ஆனா இனிமே ஒவ்வொரு அத்தியாயமும் நான் செக் பண்ணாம வெளியே போகக் கூடாது. லஞ்ச்ல முழுக் கதையையும் சொல்லு."

சொன்னேன். சோறு ஆறிப் போச்சு. சார் கேட்ட சந்தேகம் ரெண்டு. ராணி அவ்ளோ உயரத்துல உக்காந்து போறாங்களே, ஹெல்மெட் எங்கே? அப்புறம், யாளி ரிவர்ஸ் எடுக்கறப்போ பக்கத்துல நிக்கறவனுக்கு எச்சரிக்கை சத்தம் வருமா?

ரெண்டையும் சேர்த்தேன். ராணிக்குத் தங்கக் கவசத்தொப்பி. யாளி பின்னால நகர்றப்போ கழுத்து மணி அடிக்கும். தேரோட்டி ஏழுமலை கண்ணீர் விட்டார், யாளி எழுந்துச்சு. மாரிச்செல்வியோட 'எம் மகராசி' வரியையும் என் வரி மாதிரியே உள்ள வெச்சுட்டேன்.

விமர்சகன் மறுபடி வந்தார். "கடைசியில் உங்களுக்கு எழுத வந்துவிட்டது. யாளி பேசும் அந்த ஒரு வரி போதும்." நான் கூச்சமே இல்லாம "நன்றி ஐயா"ன்னு பதில் போட்டேன். மாரிச்செல்வி அதை பஸ்ல சத்தமாப் படிச்சுக் காட்டிட்டு, அந்த வரிக்குக் கூலியா ஒரு வாரம் என் டிபனை அவதான் சாப்பிட்டா.

அதுக்கப்புறம் பஸ் சர்ச் முனையில இல்லை, எங்க வீட்டு வாசலுக்கே வந்து ஹாரன் அடிச்சுது. மாசக் கடைசியில கன்ஃபர்மேஷன் ஆர்டரும் வந்துச்சு. பாஸ்கர் சார் அதைக் கையில குடுக்கறப்போ ஒரே ஒரு கண்டிஷன் போட்டார், யாளியை இனி எந்த அத்தியாயத்துலயும் தொடக் கூடாதுன்னு.

ஆக, அந்த மாசம் எங்க லைன்ல பர்மனென்ட் ஆனது ரெண்டு பேர். நானும் யாளியும்.