டெல்மரின் மறுபிரவேசம்

எழுபத்திரண்டாவது வயதில் டெல்மர் பிராக்கெட் ஒரு சபதம் எடுத்தார். இந்த முறை நடிக்க வாய்ப்பு கிடைத்தால், அது தன் திறமையால் மட்டுமே கிடைக்க வேண்டும். ரமோனாவின் சுண்டுவிரல்கூட அதில் படக்கூடாது.

ரமோனா அவருடைய மனைவி. அவர் வாழ்க்கையில் ஏதாவது உருப்பட்டிருந்தால் அதற்கு அவள்தான் காரணம் என்று பர்பேங்க் ஊரே சொல்லும். ஊர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். அவளும் சொல்லுவாள்.

டெல்மர் லேசுப்பட்ட ஆளில்லை. ஆர்கன்சாவில் ஒரு சின்ன தேவாலயத்தில் பாட ஆரம்பித்து, இருபத்திரண்டு வயதில் நாடு முழுக்க ரேடியோவில் ஒலித்தவர். அப்புறம் டெலிவிஷன் தொடரில் ஆறு வருஷம் குதிரை மேல் ஊர்க்காவல் ஷெரிப் வேடம். குதிரை ஓய்வு பெற்றது, இவரும் பெற்றார். கடைசியாக வந்தது மூட்டுவலித் தைல விளம்பரத்தில். அதிலும் முட்டி மட்டும்தான் வந்தது. அவருடைய அடர்ந்த தலைமுடிக்கு இன்னும் ரசிகைகள் உண்டு. அது டோப்பா என்பது ரமோனாவுக்கும் குளியலறைக் கண்ணாடிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

இப்போது ஒரு புதுத் தொடரில் பிடிவாதக்காரக் கிழட்டு விவசாயி வேடம் காலியாக இருந்தது. இந்தக் காலத்தில் நடித்துக் காட்ட யாரையும் ஸ்டுடியோவுக்குக் கூப்பிடுவதில்லை. வீட்டிலேயே போனில் படமெடுத்து அனுப்ப வேண்டும். எதிர்வசனத்தைப் போனுக்குப் பின்னாலிருந்து யாராவது படிக்க வேண்டும். டெல்மர் பக்கத்து வீட்டுக்காரர் ஹால் என்பவரை அழைத்துவந்தார். ஹால் ஓய்வுபெற்ற தபால்காரர். "அன்பே, வண்டியில ஏறு" என்பதை மேல்விலாசம் மாதிரி படித்தார்.

சபதம் காலை பதினொன்றே காலுக்கு முடிவுக்கு வந்தது.

"மூணே மூணு கண்டிஷன், ரமோனா. உன் முகம் தெரியக்கூடாது. நடிக்கக்கூடாது, சும்மா படிக்கணும். எதைப் பத்தியும் கருத்து சொல்லக்கூடாது."

"சரி."

"என்ன வெறும் சரி?"

"அதான் கருத்து சொல்லக்கூடாதுன்னுட்டியே."

சுவரில் நீலப் படுக்கைவிரிப்பு. எதிரே இஸ்திரிப் பலகை மேல் போன். காட்சி இதுதான்: விவசாயிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார். மனைவி கெஞ்சுகிறாள். டெல்மர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கித் தூரத்தைப் பார்த்தார். ரமோனா படிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிறுத்தினே?"

"குதிரை வருதான்னு பார்த்தேன்."

நாலாவது தடவை குரலைக் குழைத்தார்.

"எப்படி? பரவாயில்ல, வாயைத் திறந்து சொல்லு."

"நெஞ்சுவலி வந்தவன் மாதிரி இல்ல. விருது வாங்க வந்தவன் மாதிரி இருக்கு."

ஏழாவது டேக் அவருக்கே பிடித்துப்போனது. "இதுதான்! இதையே அனுப்பு" என்று நாற்காலியில் சாய்ந்தார். ரமோனா போனைத் தொட்டாள். ஆனால் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டேதான் இருந்தது. கண்ணாடி போடாத டெல்மருக்கு அது தெரியவில்லை.

"அந்த விவசாயியை விடு. நீ எப்ப உன் நெஞ்சு ஸ்கேனுக்குப் போகப்போற?"

"அடுத்த வாரம்."

"மூணு மாசமா அடுத்த வாரம். தலையில இரும்பு கிளிப் எதுவும் இருந்தா கழட்டணும்னு நர்ஸ் சொன்னா. கிளிப்போட டோப்பாவும் வந்துடும்னுதானே ஓடி வந்துட்ட?"

"ஆமாடி! கழட்டினா என்ன மிச்சம்? பார்!" டெல்மர் டோப்பாவைப் பிடுங்கி சோபா மேல் எறிந்தார். "யாரோ ஒரு கிழவன்!"

ரமோனா பலகையைச் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தக் கிழவன்தான்யா எனக்கு வேணும். நாற்பத்தெட்டு வருஷம் உன் முதுகுக்குப் பின்னாடி நின்னு 'ஊ... ஆ'ன்னு பின்பாட்டு பாடினவ நான். நீ போயிட்டா நான் யார்கிட்ட சண்டை போடுறது? ஹால்கிட்டயா?"

 இவளை விட்டால் நமக்கு வேறு யார் என்று டெல்மருக்குத் தோன்றியது. "சரி. வெள்ளிக்கிழமை போறேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு முகம் கழுவப் போனார்.

"ஏழாவதை அனுப்பிட்டியா?"

"அனுப்பியாச்சு."

வெள்ளிக்கிழமை ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை. செவ்வாய்க்கிழமை, அவருக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் டெவன் என்ற பெண் போன் செய்தாள். டெல்மர் ஸ்பீக்கரில் போட்டார்.

"டெல்மர்! வேடம் உங்களுக்குத்தான்! எழுதிக் கொடுத்த வசனத்தையே தூக்கிப் போட்டுட்டு சொந்தமாப் பேசினீங்களே, அதைப் பார்த்து இயக்குநர் அழுதுட்டார். அந்த வழுக்கை மேக்கப் இருக்கே, அசல் தோத்துச்சு போங்க!"

டெல்மர் மெதுவாகத் திரும்பினார். ரமோனா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அப்புறம், மனைவி வேடம் ரமோனாவுக்கு. அவங்க தனியா அனுப்பின விண்ணப்பமும் கிடைச்சுது. வாழ்த்துக்கள்!"

டெல்மர் போனை வைத்தார். "விண்ணப்பமா?"

"மனைவி வேடத்துக்கும் ஆள் வேணும்னு டெவன் அனுப்பின மெயிலோட அடியில போட்டிருந்துச்சு. நீ உன் பேரு வந்ததோட படிக்கிறதை நிறுத்திட்ட."

கோபப்படலாமா என்று டெல்மர் ஒரு கணம் யோசித்தார். ஆனால் சந்தோஷம் முந்திக்கொண்டது. பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் வேலை!

"எத்தனை எபிசோடாம்?"

"பத்து."

"பத்தா!"

"எனக்குப் பத்து. உனக்கு ரெண்டு. மெயிலோடவே முழுக் கதையும் அனுப்பியிருந்தாங்க, படிச்சிட்டேன். ரெண்டாவதுல நீ செத்துப்போற. கதையே அந்த விதவையைப் பத்தினதுதான்."

டெல்மர் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் பாடகன் மனசு லேசில் அடங்குமா?

"சாகறதுக்கு முன்னாடி ஒரு பாட்டாவது இருக்கா?"

"ஒண்ணு இருக்கு டெல்மர். உன் அடக்கத்துல. நான் பாடுறேன். நீ பெட்டிக்குள்ள வாயைத் திறக்காமப் படுத்திருந்தா போதும்."