எண்ணெய் குடித்த தாள்

தேதியும் நேரமும் தவறாமல் குறித்துவைப்பவனுக்கு ஒரு திமிர் இருக்கும். எனக்கு அது கொஞ்சம் கூடுதல். (வீட்டில் பால் பொங்கி வழிந்த நேரம்கூட என் நோட்டில் உண்டு.)

அப்போது என் மகள் ஷிபாவுக்கு ஏழு வயது. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. இடையில் காய்ச்சல் வந்து வந்து போனது. நோய் திரும்பிவிட்டதா, இல்லை மருந்தால் வரும் காய்ச்சலா? இதைப் பேச எங்கள் தென்காசி டாக்டரம்மா, லண்டன் மருத்துவர்களோடு வீடியோ கூட்டம் ஏற்பாடு செய்தார். காய்ச்சல் விவரம் வாசிக்க எனக்கும் ஐந்து நிமிடம்.

மாலை ஐந்தரைக்குக் கூட்டம், லண்டனில் அப்போது பகல் ஒரு மணி என்று தகவல் அனுப்பியிருந்தார். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைக் கூட்டினால் ஆறரை அல்லவா? பாவம், படித்தவர்களும் தப்பு விடுகிறார்கள் என்று நோட்டில் திருத்திக்கொண்டேன். (கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்களாம். நேரம் குறிப்பதில் இத்தனை திமிர் பிடித்தவனுக்கு அது தெரியவில்லை.)

எனவே அன்று ஐந்தரைக்கு நான் குற்றாலத்தில் ஒரு பலகையில் குப்புறக் கிடந்தேன். கண்விழித்துக் கண்விழித்துக் கழுத்து பிடித்திருந்தது. துபாயிலிருந்து வந்திருந்த மச்சான், "ஒரு மணி நேரம் கெடக்குல்லா, வாங்க மச்சான்" என்று இழுத்துப் போயிருந்தார். எண்ணெய் தேய்ப்பவர் முதுகில் தாளம் போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா செல்போனில் அழைத்தார்.

"பாய், எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. நீங்க எங்க இருக்கீய?"

பதறி எழுந்து வீடியோவைத் தொட்டேன். திரையில் ஆறு முகங்கள். எதிரே துண்டு கட்டி, எண்ணெய் சொட்டச் சொட்ட நான். நோயாளி இவர்தானா என்று ஒரு வெள்ளைக்கார டாக்டர் மெதுவாகக் கேட்டார். "இன்னும் ஒரு கை பாக்கி இருக்கு அண்ணாச்சி" என்றார் எண்ணெய் தேய்ப்பவர்.

மச்சான் செல்போனைப் பிடித்துக்கொள்ள, பையிலிருந்த நோட்டை எடுத்துத் திறந்தேன். வரிக்கு ஒரு நாள், முன்னும் பின்னும் ஒரே வரி ஒரே நாளுக்கு. தாளின் முன்பக்கம் சிகிச்சை மருந்தை ஊசியில் போட்ட நாட்கள், பின்பக்கம் காய்ச்சல் வந்த நாட்கள். என் விரல் பட்டதும் தாள் எண்ணெயைக் குடித்து, பஜ்ஜி மடித்த காகிதமாகிவிட்டது. இரண்டு பக்க மையும் கலந்து தெரிய, ஒன்றும் வாசிக்க முடியவில்லை. மகளின் ஐந்து நிமிடத்தைப் பாழாக்கிவிட்டேன். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துத் தடுமாறினேன்.

"பாய், அசையாதீய. அப்படியே புடிங்க" என்றார் டாக்டரம்மா.

ஊசி எழுதிய வரிகளுக்கு நேர் பின்னால்தான் காய்ச்சல் வரிகளும் இருந்தன. ஊசி இல்லாத நாளில் காய்ச்சலும் இல்லை. இத்தனை நாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த எனக்கு உறைக்கவே இல்லை. லண்டனில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மருந்துக் காய்ச்சலாகத்தான் தெரிகிறது, பரிசோதித்து உறுதிசெய்யுங்கள் என்றார்கள். பரிசோதனையும் அதையே சொன்னது.

சிகிச்சை முடிந்து வருடங்கள் ஆகின்றன. ஷிபா இப்போது இலஞ்சியில் பள்ளிக்கூடம் போகிறாள். காலையில், "எட்டாச்சு, கெளம்பு" என்று நான் சொன்னால், வாயில் தோசையோடு நிதானமாகக் கேட்கிறாள்:

"அது வாப்பா மணியா, சரியான மணியா?"