ஸ்டூல் மாமாவின் ஆறு நாள் கம்பெனி

கடலூர் மாவட்டத்தில் சொந்தமாக ஒரு பெட்டிக்கடைகூட வைக்காமல், அடுத்தவர்கள் வைக்க இருந்த நாற்பது கடைகளை முளையிலேயே கிள்ளிய ஒரே மனிதர் எங்கள் ஸ்டூல் மாமாதான். நாற்பது என்பது அவர் சொன்ன எண்ணிக்கை. நான் விசாரித்தவரை பதினொன்று தேறும். அதற்கே ஒரு சிலை வைக்கலாம். வைத்தால் உட்கார்ந்த நிலையில்தான் வைக்க வேண்டும்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கடலூர் - சிதம்பரம் பஸ்ஸில் ஏறும் தலைகளை எண்ணியவருக்கு, வீட்டில் எண்ணுவதற்கு மாமியின் ஒரே தலைதான் இருந்தது. அது போதவில்லை. அந்த நேரம் பார்த்து ஊரெங்கும் பிரான்சைஸ் கடைகள் முளைத்தன. டீ, பிரியாணி, கூரியர், குழந்தைகள் பள்ளி, எல்லாவற்றிலும் ஒரே விதி: கம்பெனியின் பெயர், கம்பெனியின் சரக்கு, நம்முடைய பணம், நம்முடைய முதுகுவலி. யாராவது அப்படி ஒரு கடை எடுக்கப்போவதாகச் சொன்னால் போதும். மாமா நீலநிற பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அதே கம்பெனியின் வேறொரு கிளைக்கு எதிரில் அதைப் போட்டு, காலை பத்து முதல் மதியம் ஒன்றுவரை உட்கார்ந்திருப்பார். உள்ளே போகிறவர், பார்சலோடு வருகிறவர், விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் என்று நோட்டில் மூன்று வரிசையில் கோடு போடுவார்.

சிதம்பரத்தில் ஒரு ஜூஸ் கடைக்காரர் இவரைச் சுகாதார அதிகாரி என்று நினைத்துப் பயந்துபோய், பெரிய கிளாஸில் ஆப்பிள் ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார். மாமா மறுக்கவில்லை. நிதானமாகக் குடித்து முடித்து, நோட்டில் 'ஐஸ் ஜாஸ்தி' என்று எழுதிக்கொண்டார். கடைக்காரர் அன்று மாலையே கடைக்கு வெள்ளை அடித்ததாகக் கேள்வி.

எண்ணி முடித்ததும் கடைக்குள் போய் முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"தம்பி, இந்தக் கடையில நீங்களா முடிவு பண்ற விஷயம் என்னா இருக்குது?"

கம்மாபுரத்துக்காரர் ஒருவர் ரொம்ப நேரம் யோசித்து, "ஊதுபத்தி சார்" என்றாராம். மாமா அதையும் எழுதிக்கொண்டார்.

இப்படிப்பட்டவரிடம் என் கதையும் போய் மாட்டியது. நான் வேலை பார்த்த சிதம்பரம் கம்ப்யூட்டர் சென்டரை மூடிவிட்டார்கள். அதே சமயம் குறிஞ்சிப்பாடியில் அம்மா வழி நிலத்தை விற்று, என் பங்கை அண்ணன் என் கையில் கொடுத்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வரும் பணம். அதைக் கொண்டு சிதம்பரம் மேலவீதியில் ஓர் இட்லி கம்பெனியின் பிரான்சைஸ் எடுப்பது என்று முடிவு செய்தேன். கம்பெனியின் பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும், வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று கம்பெனியிலிருந்து தினமும் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். ஒப்பந்தம் என்று அறுபது பக்கம் இங்கிலீஷில் அனுப்பியிருந்தார்கள். நான் அதில் இருந்த இட்லிப் படங்களை மட்டும் கவனமாகப் பார்த்திருந்தேன்.

மாமா அதை வாங்கிக்கொண்டு போய், டிக்‌ஷனரியும் கையுமாக இரண்டு நாள் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்.

"ஏம்மா, கடை ஓடுமா ஓடாதான்னு நான் எண்ணிச் சொல்லிடுவேன். ஓடும். மேலவீதியில இட்லி ஓடாம எங்க போவுது? கேள்வி அது இல்ல. நீ அந்தக் கடைக்கு ஒத்து வருவியான்னுதான் தெரியல."

"பதினாறு வருசமா இட்லி சுடுறேன் மாமா."

"அதான் எனக்குப் பயம். வெள்ளி வரைக்கும் ஆறு நாள் இருக்குது. இந்த ஆறு நாளும் ஒன் அடுப்பாங்கரைதான் பிரான்சைசு. நான் கம்பெனி. மாப்ள கஸ்டமரு."

என் கணவர் பள்ளியில் லேப் அசிஸ்டென்ட். பொதுவாக வீட்டில் அவருக்கு எந்தப் பதவியும் கிடையாது. கஸ்டமர் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

ஒப்பந்தத்தில் இருந்த விதிகளையே மாமா தமிழில் எழுதி பிரிட்ஜில் ஒட்டினார். தலையில் தொப்பி. சாம்பார் தினமும் ஒரே ருசி. உப்பு கம்பெனி ஸ்பூனால் மட்டும். காலை ஏழு மணிக்கு அடுப்பு மேடையைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். பட்டியலில் இல்லாத எதுவும் அடுப்பில் ஏறக் கூடாது. கஸ்டமர் வந்தால் கைகூப்பி, "வணக்கம், உங்கள் காலை இனிதாகட்டும்" என்று சொல்ல வேண்டும். பல் தேய்த்துவிட்டு லுங்கியோடு வந்த மனிதரிடம் நான் அதைச் சொன்னபோது, அவர் பயந்துபோய் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

காய்கறியும் கம்பெனிதான் சப்ளை செய்யும். முதல் நாள் மாமா கொண்டுவந்த கத்தரிக்காயில் பாதிக்கு ஓட்டை.

"மாமா, இது சொத்தை."

"கம்பெனி அனுப்புனது. கேள்வி கேக்கக் கூடாது. வேணும்னா மெயில் போடு, பதினஞ்சு நாள்ல பதில் வரும்."

இரண்டாம் நாள் கஸ்டமர் எனக்கு இரண்டு ஸ்டார்தான் கொடுத்தார். ஏன் என்று விளக்கம் எழுதித் தரும்படி கம்பெனி கேட்டது. 'கஸ்டமர் நேற்று கேஸ் புக் பண்ண மறந்ததற்கு நான் திட்டினேன், அந்தக் கோபம்' என்று எழுதிக் கொடுத்தேன். கம்பெனி அதை ஏற்கவில்லை. மூன்றாம் நாள் கிள்ளையிலிருந்து என் சின்னம்மா பஸ்ஸில் ஒரு பை நிறைய இறால் கொடுத்தனுப்பினார். துள்ளவில்லை, அவ்வளவுதான் குறை. மாமா விதியைக் காட்டினார். பக்கத்து வீட்டில் என் இறால் வறுபட, அந்த வாசனையில் நாங்கள் இருவரும் கம்பெனி சாம்பார் ஊற்றி இட்லி சாப்பிட்டோம். என் கணவர் சாப்பிட்டு முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் காலையில் அவருக்குக் காய்ச்சல். சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்தவர். உடம்பு சரியில்லை என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு மாத்திரைக்கு முன்னால் ஞாபகம் வருவது கொத்சுதான்.

"இட்லிக்குக் கொஞ்சம் கொத்சு இருந்தா..." என்றார் போர்வைக்குள்ளிருந்து. பிறகு அவரே, "வேணாம், பட்டியல்ல இல்ல" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. மாமாவின் சொத்தைக் கத்தரிக்காயில் நல்ல பாகமாக நறுக்கி, நல்லெண்ணெயில் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, மல்லியும் மிளகாயும் வறுத்துப் பொடித்துப் போட்டேன். கொதி வந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, வாசலில் குரல் கேட்டது.

"கொத்சு வாசன வருதே! யாரு பர்மிசன் குடுத்தது?"

தொப்பியைக் கழற்றி வீசினேன். அது நேராகப் போய் சாம்பாரில் விழுந்தது. கரண்டியோடு வாசலுக்குப் போய்விட்டேன்.

"என் வீட்டுல, என் புருசனுக்கு, கொத்சு வெக்கிறதுக்கு எவன்கிட்ட மாமா பர்மிசன் வாங்கணும்? கம்பெனியாவது கத்தரிக்காயாவது! நாக்குன்னு ஒண்ணு இருக்குது, அதுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்ணு கேக்கும். எனக்கும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்ணு செய்யத் தோணும். அறுபது பக்கம் எழுதுனவனுக்கு அது தெரியுமா?"

தெருவில் இரண்டு சைக்கிள்கள் நின்றுவிட்டன. மாமா கோபப்படவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு இட்லி வெய்ம்மா. கொத்சு ஜாஸ்தி."

நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிக்கொண்டு வந்து சொன்னார்:

"வடலூர்ப் பக்கம் ஒரு பையனுக்கு நான்தான் டீக்கடை பிரான்சைசு எடுறான்னு சொன்னேன். நல்லா இருக்கான். நாளைக்கி என்னா பண்றதுன்னு யோசிக்கிற வேல அவனுக்கு இல்ல. சொன்னத சொன்னபடி செய்யிறான், ரெண்டாவது கடையும் எடுத்துட்டான். அது அவனுக்கு ஒத்து வருது. அவன் மட்டமும் இல்ல, நீ ஒசத்தியும் இல்ல. ஆனா நீ நாலு நாள் தாங்கலியேம்மா. அவுங்க அஞ்சு வருசத்துக்கு கையெழுத்து கேக்குறாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கொத்சுக்காக இல்லை. அந்தக் கம்பெனியின் பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்பதாக மனதுக்குள் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அது இல்லையென்றால் நான் வேலை போன ஒருத்தி, அவ்வளவுதான்.

"தனியா கடை போட எனக்குத் தெரியாது மாமா. பயமா இருக்குது. போனா அம்மா நிலமே போன மாதிரி."

"பயமா இருக்குதுன்னு சொல்லு, ஒத்துக்கிறேன். எனக்கும் பயம்தான். நாப்பது பேருக்கு சொன்னேனே, எனக்குன்னு ஒண்ணு போடத் தைரியம் வந்துச்சா? ஆனா பயத்துக்குப் போயி அட்வான்ஸ் கட்டாதம்மா."

வெள்ளிக்கிழமை அந்தத் தேன்குரல் பெண்ணிடம், எனக்கு ஒத்து வராது என்று சொல்லிவிட்டேன். "ஏன் மேடம்?" என்றாள். "கொத்சு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

எட்டு மாதம் கழித்து மேலவீதியை ஒட்டிய ஒரு சந்தில் நான்கு மேஜையோடு என் கடை திறந்தது. என் பங்கில் பாதிக்கு மேல் அதில் போனது. முதல் மாதம் ஈ ஓட்டினேன். அப்புறம் மெல்ல மெல்லத் தேறிவிட்டது. இன்றும் சில வாரம் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு என்ன செய்யலாம் என்ற யோசனையோடுதான் தூங்கப்போகிறேன், அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

மாமா இப்போது மூட்டு வலியோடு குறிஞ்சிப்பாடியில் மகள் வீட்டில் இருக்கிறார். தினமும் காலை ஆறு மணிக்கு போன் வரும்.

"இன்னைக்கி என்னா போடுற?"

"கொத்சும் புதினா சட்னியும் மாமா."

"புதினாவா? மழக்காலத்துல போயி புதினா வெச்சா..." என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்த வேகத்தில் நிறுத்திக்கொள்வார். அறிவுரையை விழுங்க அவர் படும் பாடு போனிலேயே கேட்கும். பிறகு மெதுவாக, "சரிம்மா, ஒன் இஷ்டம்" என்பார்.

பிறந்த வீட்டிலோ, புகுந்த வீட்டிலோ, வேலை பார்த்த இடத்திலோ யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. அதைக் கேட்காமல் நான் கடையின் கதவைத் திறப்பதில்லை.