பச்சை லைட் எரிந்தால் அமுக்கு

வண்டி குன்னத்தைத் தாண்டிய பிறகுதான் அமிர்தலிங்கம் மடியில் இருந்த நீளப் பெட்டியைத் திறந்து பார்த்தார். துப்பாக்கியின் பக்கவாட்டில் சிவப்பு லைட் மினுக்கிக்கொண்டிருந்தது.

"சார்ஜ் இல்ல," என்றார்.

"எதுக்கு?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டாள் அவர் மனைவி நர்மதா.

"துப்பாக்கிக்கு."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவள் தம்பி பூவரசன் சிரித்தான். "செல்லுக்கு சார்ஜ் போடுவாங்க, தெரியும். துப்பாக்கிக்குமா மாமா?"

"இது திருவிழாவுல பலூன் சுடுற துப்பாக்கி இல்ல மாப்ள. எலக்ட்ரானிக். ஒலிம்பிக்ல சுடுற சாதி. விரல் பட்டாப் போதும்."

"கரண்டுல சுடுமா?"

"ஆமா, ஆமா," என்றார் அமிர்தலிங்கம். விளக்கம் சொல்லுகிற நிலையிலா இருந்தார் மனிதர்?

பெரம்பலூரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை அவருடையது. எரிந்துபோன மோட்டாருக்கெல்லாம் உயிர் கொடுக்கிறவர், சொந்தத் துப்பாக்கிக்கு ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டு சுவிட்சைப் போட மறந்திருந்தார். இதை வெளியே சொன்னால் கடைக்கு எவன் வருவான்?

துப்பாக்கி வந்ததிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. அதற்கென்று ஒரு கோட்டு. கித்தான் துணியில் தைத்தது. போட்டால் உடம்பு வளையாது. அதைப் போட்டுக்கொண்டு குனிய முடியாமல் நின்றபடியே இட்லி சாப்பிடுவார். பிறகு ஹாலில் காலை அகட்டி நின்று காலண்டரைக் குறிபார்ப்பார். அந்த நேரத்தில் யாரும் குறுக்கே போகக் கூடாது. போன மாதம் வாசலுக்கு வந்த பால்காரர் இதைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். கேன் உருண்டு தெருவெல்லாம் பால் ஓடியது.

அன்றைக்குத்தான் நர்மதா தீர்ப்புச் சொன்னாள்.

"அரியலூர் போட்டியில மெடல் வாங்குனா இது வூட்டுல இருக்கட்டும். இல்லன்னா அன்னைக்கே வெளிய போயிடணும்."

"நானா?"

"ரெண்டுல ஒண்ணு."

அந்தப் போட்டிக்குத்தான் இப்போது போய்க்கொண்டிருந்தார்கள். அமிர்தலிங்கத்துக்கு அந்தத் துப்பாக்கி என்றால் உசுரு.

"வண்டியிலயே சார்ஜ் போடலாம்," என்று பூவரசனின் செல்லைப் பிடுங்கி வீசிவிட்டு, அந்த வயரைத் துப்பாக்கியில் செருகினார். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்தது. மினுக்கிக்கொண்டிருந்த சிவப்பு லைட்டும் அணைந்தது.

"மாமா, வண்டி சார்ஜர் போச்சு."

"பேசாம ஓட்டு மாப்ள."

அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. சாப்பாட்டு ஹாலின் ஒரு கோடியில் சுடுகிறவர்களுக்கு மேசைகள். மறுகோடியில் மேசைக்கு ஒன்றாக மூன்று நம்பர் அட்டைகள் வரிசையாகத் தொங்கின. போட்டியை நடத்திய சுகன்யா கழுத்தில் விசிலோடு ஓடி வந்தாள்.

"சார், உங்க பிரிவுல ரெண்டு பேருதான் வந்திருக்கீங்க. நீங்களும் செல்லதுரை சாரும். மூணு பேராவது இருந்தாத்தான் மெடல் குடுக்க முடியும். கேன்சல் பண்ணிடட்டுங்களா?"

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் செல்லதுரை ஓரமாக நின்று கையை விரித்தார். அமிர்தலிங்கம் திரும்பி நர்மதாவைப் பார்த்தார். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணாவது ஆளா? இதோ நிக்கிறானே, என் மச்சினன். மெட்ராஸ்ல டிரெயினிங் எடுத்தவன்," என்றார்.

பூவரசன் மெட்ராஸில் எடுத்தது லாரி ஓட்டும் டிரெயினிங். "மாமா, எனக்குச் சுடவே தெரியாது," என்று காதைக் கடித்தான்.

"சும்மா வந்து நில்லு. நீ சுட்டா என்ன, சுடாட்டி என்ன. தலைக்கணக்குதான் வேணும்."

இனி சார்ஜ் ஏற்ற வேண்டும். ஹாலில் இருந்த ஒரே பிளக் மூன்றாம் நம்பர் மேசைக்கு அந்தப்பக்கம், சுவரில். வயர் எட்டவில்லை. மாமனும் மச்சினனுமாகச் சேர்ந்து அமிர்தலிங்கத்தின் இரண்டாம் நம்பர் மேசையைத் தரதரவென்று சுவர்ப்பக்கம் இழுத்தார்கள். அது மூன்றாம் நம்பர் மேசையை மூலைக்குத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் போய் நின்றது. வயர் எட்டியது. அமிர்தலிங்கம் சுவிட்சைப் போட்டார். ஹால் முழுக்கக் கரண்டு போனது.

"நான் மோட்டார் மெக்கானிக்தான், விடுங்க, பாத்துக்கிறேன்," என்று அவர் பியூஸ் பெட்டியைத் திறந்தார். ஒன்றைக் கழற்றினார். அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரும் நின்றது. இன்னொன்றைக் கழற்றினார். எங்கிருந்தோ சமையல்காரர் கெட்ட வார்த்தை சொல்வது கேட்டது. கடைசியில் ஜெனரேட்டர் போட்டார்கள்.

சுகன்யா விசில் ஊதினாள். "நேரமாச்சு சார். இனி ஒரு நிமிஷம் தர மாட்டேன். கிளப் துப்பாக்கி ஒண்ணு இருக்கு, அதை வச்சு சுடுறீங்களா?"

வேறு வழி? கிளப் துப்பாக்கி பழசு. கட்டையில் யாரோ பேரைச் செதுக்கி வைத்திருந்தார்கள். அமிர்தலிங்கம் முதல் குண்டைச் சுட்டார். சுட்ட அடுத்த நொடி, பக்கத்தில் தன் துப்பாக்கியில் 'பீப்' என்று சத்தம். பச்சை லைட்.

"சுகன்யாம்மா, என் துப்பாக்கி ஏறிடுச்சு. மாத்திக்கிறேன்."

"ஆரம்பிச்ச பிறகு மாத்தக் கூடாது சார். ரூல்."

"அப்ப அதை யாரு சுடுறது?"

"உங்க மச்சினனுக்குத்தான் துப்பாக்கியே இல்லையே. அவரு சுடட்டும்."

மூன்றாம் நம்பர் மேசையில் நின்ற பூவரசன் அதைக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினான். "மாமா, எப்படி?"

"பச்சை லைட் எரியுதுல்ல? குறி வச்சு அந்த விசையை அமுக்கு. அவ்வளவுதான். கீழ கீழ போட்டுடாத."

பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தன் செல்லம் அடுத்தவன் தோளில் சாய்ந்து 'டப், டப்' என்பதைக் கேட்கத்தான் முடியவில்லை. வைராக்கியம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேர் எதிரே தொங்கிய அட்டையை மட்டும் பார்த்தார். கை அன்றைக்கு அப்படி நின்றது. மூச்சு அப்படி நின்றது. இத்தனை நாளில் அவர் இப்படிச் சுட்டதில்லை.

அட்டைகள் வந்தன. சுகன்யா தயங்கினாள்.

"சார், உங்களுக்கு... ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணுன்னா, ஒரே ஒரு குண்டா?"

"ஒண்ணுமே இல்லீங்க சார்."

இரண்டாம் நம்பர் அட்டை கடையில் வாங்கியது போலவே இருந்தது. அமிர்தலிங்கம் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் ஓட்டை இல்லை.

"கிளப் துப்பாக்கி கொஞ்சம் இழுக்கும் சார்," என்று செல்லதுரை ஆறுதல் சொன்னார்.

"எவ்வளவு இழுக்கும்?"

செல்லதுரை அட்டையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "ரோட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

முதல் பரிசு மூன்றாம் நம்பர் அட்டைக்கு. நடுப்புள்ளியைச் சுற்றி குண்டெல்லாம் ஈ மொய்த்த மாதிரி விழுந்திருந்தது. பூவரசனுக்கு மெடல் போட்டார்கள். நர்மதா கைதட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எதற்கும் கைதட்டி அமிர்தலிங்கம் பார்த்ததில்லை.

"எப்படிடா தம்பி?" என்றாள்.

"என்னன்னே தெரியலக்கா. நான் அமுக்குறதுக்குள்ள அதுவே சுட்டுடுது."

"அதாண்டா எலக்ட்ரானிக்," என்றார் அமிர்தலிங்கம். குரல் உடைந்துவிட்டது.

பெரம்பலூர் வந்து வண்டி நின்றதும் நர்மதா பேசினாள்.

"துப்பாக்கி மேல தப்பு இல்ல. இனிமே இது பூவரசன்கிட்ட இருக்கட்டும். அவன் இன்னும் நாலு மெடல் வாங்கட்டும்."

"நர்மதா, கொஞ்சம் யோசிச்சு..."

"ரோட்டுல போறவங்களை நெனச்சுப் பாருங்க. நீங்க சுட்டதெல்லாம் எங்க போச்சுன்னு யாருக்காவது தெரியுமா?"

அமிர்தலிங்கம் கோட்டையும் மடிக்கப் பார்த்து, மடியாததால் அப்படியே தூக்கி, வண்டியின் பின்னால் திணித்தார். கண் கலங்கியதை மறைக்க உள்ளே போனவர், அலமாரியில் மிச்சமிருந்த சின்னத் தகர டப்பாவோடு திரும்பி வந்தார். கொடுப்பது என்று ஆகிவிட்டது, எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம்.

"இந்தா மாப்ள, இதையும் வச்சுக்க. நல்லாப் பாத்துக்க அதை."

பூவரசன் டப்பாவைக் குலுக்கினான். மூடியைத் திறந்து விரலால் கிளறிப் பார்த்தான்.

"என்னது மாமா இது?"

"குண்டு. தீந்துபோனா சொல்லு, வாங்கித் தரேன்."

பூவரசன் டப்பாவைப் பார்த்தான், துப்பாக்கியைப் பார்த்தான், கழுத்தில் தொங்கிய மெடலைப் பார்த்தான். அக்கா உள்ளே போய்விட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"கரண்டுல சுடுற துப்பாக்கிக்கு, குண்டும் போடணுமா மாமா?"