கல்யாணச் சட்டையோடு கப்பலேறியது

புதிய ஸ்வீடன், டெலாவேர் ஆற்றங்கரை
மே, 1645

மதிப்பிற்குரிய யோன்ஸ் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் ஹோகான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். அங்கு தாங்களும் எலின் அக்காவும் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். தங்கள் கோபம் தணிந்திருக்கவும் தனியாக வேண்டிக்கொள்கிறேன்.

அத்தான், கிழிச்சுப் போட்டுடாதீங்க. கடைசிவரை படிங்க.

ஊர்ப் பாதிரியார் இறந்துபோனால், அவர் இடத்துக்கு வருகிறவன் அவர் மனைவியையும் கட்டிக்கொள்வதுதான் வழக்கம். அப்போதுதான் நம் பாதிரியாரின் விதவை மேரித்துக்கும் அவள் மூன்று பிள்ளைகளுக்கும் அந்த வீடு நிற்கும். பிஷப் வீட்டுப் படியேறி அந்த இடத்தை எனக்குப் பிடித்துக் கொடுத்தவர் நீங்கள். ஆனால் ஒரே நாளில் வேலை, வீடு, பசு, பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாம் வந்து நின்றால் யாருக்குத்தான் பயம் வராது? செத்தவரோட செருப்புகூட எனக்குச் சரியா இருந்துச்சு அத்தான்! கல்யாணத்தன்று காலை மேரித் தைத்து அனுப்பிய மாப்பிள்ளைச் சட்டையைப் போட்டேன், கோயில் வாசல்வரை வந்தேன், கோத்தன்பர்க் போகும் வண்டி ஒன்று அந்தப் பக்கமாக வந்தது, ஏறிவிட்டேன். பாதிரியார் படிப்பும் அதோடு போயிற்று. துறைமுகத்தில் அமெரிக்காவுக்கு ஆள் கிடைக்காமல், தண்டனைக் கைதிகளைக்கூட ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"திருடினியா, காட்டை எரிச்சியா, பட்டாளத்துல இருந்து ஓடி வந்தியா?" என்று ஒருவன் கேட்டான்.

"கல்யாணத்துல இருந்து ஓடி வந்தேன்."

"அதுவும் செல்லும். ஏறு."

கப்பலைப் பற்றிக் கேட்காதீர்கள். மாடுகளுக்கும் எங்களுக்கும் ஒரே தளம், அலை அடித்தால் யார் மேல் யார் விழுந்தார் என்று தெரியாது, பீர் புளித்தது, உப்பு மீன் நாறியது, கேப்டன் ஆறு மாறி டச்சுக்காரன் ஆற்றுக்குள் நுழைந்து, நம்மை விரட்டப் பார்க்கும் அவனிடமே வழி கேட்டார். அதற்கு முன்பே நடுக்கடலில் கப்பல் பாதிரியார் காய்ச்சலில் போய்விட்டார். கேப்டன் என்னைத் தேடி வந்து, "டேய் லத்தீன் படிச்சவனே, இனிமே நீதான் ஜெபம் படிக்கணும்" என்றார். எந்த வேலைக்குப் பயந்து ஓடினேனோ அது எனக்கு முன்னால் கப்பலேறி உட்கார்ந்திருந்தது!

அதோடு விட்டார்களா? கப்பற்பாய் தைக்கும் மாட்ஸ் என் முன்னால் வந்து நின்றான். "வெள்ளைச் சட்டை உன்கிட்டதான் இருக்கு. கழட்டு. பாதிரியாரைக் கந்தலோடயா கடல்ல இறக்கறது?"

"தர மாட்டேன். மாப்பிள்ளைச் சட்டை. கல்யாணத்துக்கு ஒரு தடவை, சாவுக்கு ஒரு தடவைதான் போடணும்."

"சரிடா மாப்பிள்ளே, பொண்ணு எங்க?"

தளமே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்று சட்டையைக் கழற்றி மடித்தபோதுதான் பார்த்தேன். காலருக்கு உள்ளே மெத்தென்று பழந்துணி வைத்துத் தைத்திருந்தாள். முரட்டுத் துணி பட்டால் என் கழுத்து அரிக்கும். அதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. கோயிலில் நான் சொறிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறாள் அத்தான். பார்த்து, யாரிடமும் சொல்லாமல், தைத்திருக்கிறாள். இவளை விட்டுட்டா வந்தேன்?

இங்கும் ஜெபம் படிப்பது நான்தான், அதனால் புதுப் பாதிரியார் வரும்வரை என்னை இங்கிருந்து விட மாட்டார்கள். அவர் வந்திறங்கும் கப்பலிலேயே நான் ஏறிவிடுவேன். புகையிலை ஏற்றும் டச்சுக் கப்பல் முன்னதாகக் கிளம்புகிறது, அதில் இந்தக் கடிதம் எனக்கு முந்தி வரும். நம் காட்டு ஊருக்கு வேறு எவன் பாதிரியாக வந்திருக்கப் போகிறான்? மேரித்தைக் காத்திருக்கச் சொல்லுங்கள். சட்டை பத்திரம் என்று சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், கறுப்புப் பசுவுக்கு முதுகில் ஒரு தட்டு. எனக்குத் தர வேண்டிய கன்னத்து அறையை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள்
ஹோகான்

பி.கு.: மேரித்திடம் எதுவும் சொல்ல வேண்டாம். நேற்று நம் கப்பல் வந்துவிட்டது. இருப்பதில் நல்லது அதுதான் என்று அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கரைக்குப் போனேன். முதலில் புதுப் பாதிரியார் இறங்கினார். நரைத்த தலை, சாதுவான மனிதர். பின்னால் மூன்று பிள்ளைகள். அதற்கும் பின்னால் மேரித். நான் ஓடியதும் ஊருக்கு வந்த பாதிரியாருக்கு ஏற்கெனவே மனைவி இருந்தாளாம். அதனால் வீடு போன பிறகு மேரித் இந்த நரைத்த தலைக்காரரைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டியிருக்கிறாள். நீங்கள்தான் முன்னால் நின்று நடத்தி வைத்தீர்களாம். நல்ல காரியம் செய்தீர்கள்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கழுத்து அரிக்கலையே?" என்றாள்.

"இல்ல. இந்தா, கழட்டித் தந்துடறேன். அவருக்கு ஆகும்."

"அவர் கழுத்துக்குப் பத்தாது. கல்யாணத்துக்குத்தான் ஆகல, இன்னொண்ணுக்கு ஆகும். பத்திரமா வெச்சுக்கோ."

நான் இப்போதைக்கு வரவில்லை அத்தான். பாதிரியார் என்னை மணியடிக்க இருக்கச் சொல்கிறார். சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.