ஹியுமிடியின் ஐஸ் பெட்டி

ராஜபாளையத்தில் வெயிலுக்குப் பயப்படாதவர் யாருமில்லை. ஆனால் அந்த வெயிலை எதிர்த்துப் போருக்குப் போய், ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுக்காரனைத் தோற்கடித்துவிட்டுத் திரும்பியவர் ஹியுமிடி ஒருவர்தான். அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் நான்.

அவருடைய சொந்தப் பெயரைத் தெருவில் யாரும் சொன்னதில்லை. நூல் மில்லில் ஃபிட்டர். காற்று காய்ந்தால் நூல் அறுந்துபோகும் என்று மில்லுக்குள் காற்றை நனைத்துக்கொண்டே இருப்பார்கள். ஹியுமிடிட்டி என்கிற அந்த வேலையைப் பார்த்துப் பார்த்து, அதில் பாதி அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் குமாஸ்தா. தினமும் பஸ்ஸில் வெந்து வீடு திரும்புகிறவன். போன சித்திரையில் நானும் என் மனைவி செல்வியும் ஏசி வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோதே, மதில் சுவருக்கு மேலே அவருடைய தலை முளைத்தது.

“ஏசியா? படிச்ச ஆளு நீங்களே இப்படிப் பேசலாமா தம்பி? ரெண்டு நாள் பொறுங்க. ஐஸ் போட்டு ஒரு பெட்டி ரெடி பண்ணித் தாரேன். ஊட்டி கெட்டுது போங்க!”

பெட்டி வந்தது. மீன் கடையில் கேட்டு வாங்கிய தெர்மாகோல் பெட்டி. மூடியில் ஓட்டை போட்டு ஒரு டேபிள் ஃபேனைக் கவிழ்த்திருந்தார். பக்கவாட்டில் பிளாஸ்டிக் குழாய். அதன் வாயில் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி நாலு சுற்று. பார்த்தால் கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆள் மாதிரி இருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் காற்று வந்ததோ இல்லையோ, சாளை மீன் வாசம் வந்தது. பின்னாலேயே தெருப்பூனைகளும் வந்தன.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். “ஈரம் வெளிய போயிரும்” என்று ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் சுவர் வியர்த்தது, நான் வியர்த்தேன், அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமுத்துப் போனது. கட்சிக்காரர் ஒருவரின் வழக்குக் கட்டு மேசையில் தொய்ந்து கிடந்தது. ஹியுமிடியோ தெர்மாமீட்டரைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தார்.

“நாலு டிகிரி எறங்கிட்டு தம்பி! இந்த ஈரத்துல ஒரு இழைகூட அறுந்து போவாது!”

“நான் நூல் இல்ல அண்ணாச்சி. மனுசன்.”

“ரெண்டும் ஒண்ணுதான். காஞ்சா அறுந்துரும்.”

ஐஸ் போட்டு வீட்டிலேயே கூலர் செய்யலாமா என்று யாராவது உங்களைக் கேட்டால், வேண்டவே வேண்டாம் என்று என் பெயரைச் சொல்லித் தடுத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு மாடல் வந்தது. ஒரு மாடல் என் செருப்புக்குள் தண்ணீர் விட்டது. “இதை மட்டும் பாத்துருங்க, பொறவு ஏசி வாங்குங்க” என்பார். மறுத்தால் முகம் வாடிவிடும். அதுதான் பெரிய தொல்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் ஏழு வயது மகள் நித்யாவுக்கு அம்மை வார்த்தது. உடம்பெல்லாம் கொப்புளம், அரிப்பு. இரண்டு நாளாகக் கண்ணே மூடவில்லை. வாசலில் செருகிய வேப்பிலையைப் பார்த்துச் சொந்தக்காரர்களே படியோடு திரும்பினார்கள். ஹியுமிடி மட்டும் “எனக்கு சின்னதுலயே வந்து போயிட்டு” என்றபடி புது மாடலோடு உள்ளே வந்தார். செல்விக்குப் பொறுமை போய்விட்டது.

“பிள்ளை அரிப்புல துடிக்கா, நீங்க ஈரத்தைக் கொண்டுட்டு வாரிய! இதை மொதல்ல எடுத்துட்டுப் போங்கண்ணாச்சி. ஒங்க பேச்சைக் கேட்டுத்தான ஏசி வாங்காம விட்டோம்!”

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

மறுநாள் காலையில் தெரு டிரான்ஸ்ஃபார்மர் புகைந்து கரண்ட் போனது. மின்விசிறியும் நின்றது. நித்யா அழுதது தெருக்கோடி வரை கேட்டது. மதியம் ஹியுமிடி வந்தார், தோளில் சொட்டச் சொட்ட ஒரு சாக்கு. உள்ளூரில் ஐஸ் தீர்ந்துபோனதால் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஒரு பாளம் வாங்கியிருக்கிறார். பஸ்ஸுக்குள் தண்ணீர் ஓடியதும் கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட, மிச்ச தூரத்தை நடந்தே வந்திருக்கிறார். சாக்கைப் பிரித்தால் செங்கல் அளவு ஐஸ்தான் இருந்தது.

“கரண்டே இல்ல. பெட்டி எப்படி அண்ணாச்சி ஓடும்?” என்றேன் எரிச்சலோடு.

“பெட்டி கொண்டாரல தம்பி.”

அவரே போய் ஜன்னல்களைத் திறந்தார். ஐஸை ஒரு சட்டியில் போட்டு நித்யாவின் கட்டிலருகே ஸ்டூலில் வைத்தார். ஒரு காலண்டர் அட்டையை எடுத்து, சட்டிக்கு மேலாக மெதுவாக வீச ஆரம்பித்தார்.

“மாமா, இன்னைக்கு மீன் வாசமே வரலையே,” என்றாள் நித்யா. மூன்று நாளில் அவள் அழாமல் பேசிய முதல் பேச்சு அது. அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டாள். ஐஸ் எப்போதோ தண்ணீராகியிருந்தது. அட்டை மட்டும் நிற்கவில்லை.

“குடுங்கண்ணாச்சி, செத்த நேரம் நான் வீசுதேன்.”

“வேண்டாம். கை மாறினா முழிச்சிருவா.”

செல்வி மோர் கொண்டு வந்து நின்றாள். அவருக்குக் கை ஒழியவில்லை. நான்தான் டம்ளரை வாங்கி அவர் வாயருகே பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தேன். என் அப்பாவுக்குக்கூட நான் அப்படிச் செய்ததில்லை.